மேலை அரங்கில் உடை வடிவமைப்பு: உலகியல் வழக்கும் நாடக வழக்கும்

முன்னுரை

நாடக வரலாறு பெரும்பாலும் பனுவல் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. எழுதியவர் யார், எழுதப்பட்ட காலம் யாது, மூலம் எது, பாத்திரப் படைப்பு எத்தகையது என்னும் வினாக்களே ஆய்வில் முதன்மை பெறுகின்றன. நடிகன் உடுத்தியது யாது, அதனை வரைந்தவர் யார், அவ்வாறு வரையத் தூண்டியது எது என்னும் வினாக்கள் அடிக்குறிப்பிற்குள் ஒதுங்கிவிடுகின்றன. ஆனால் அரங்கில் அமர்ந்திருப்போர் கண்ணில் முதலிற் படுவது உடையே. முதற்சொல் பிறக்கும் முன்னரே நாடகத்தின் காலம், இடம், தகுதி, உறவு ஆகியவற்றை உடை சொல்லிவிடுகின்றது. நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை நால்வகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாக ஆகார்யத்தை வைத்தது. புஸ்தம், அலங்காரம், அங்கரசனை, சஞ்சீவம் என அதனை மேலும் நான்காக விரித்தது. உடையும் உடல்வண்ணமும் நடிப்பின் ஒரு கூறே என்பது அந்நூலின் கொள்கை.

தொல்காப்பியம் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சுட்டி, அவை இணைந்ததைப் புலனெறி வழக்கம் என்கின்றது. சுவைபட வருவனவற்றை ஓரிடத்துத் தொகுத்துக் கூறுவது முன்னது என்றும், உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது பின்னது என்றும் இளம்பூரணர் விளக்குவார். செய்யுளுக்குக் கூறப்பட்ட இப்பாகுபாடு, மேலை அரங்கின் உடை வரலாற்றை ஆராய்வதற்கும் ஏற்றதொரு கருவியாகின்றது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பிய அரங்கு உலகியல் வழக்கை, அதாவது வரலாற்று உண்மையை, உடையில் தேடியது. அங்ஙனம் தேடிக் கண்டதாகக் கருதியவற்றுட் சில புதியதொரு நாடக வழக்காகவே அமைந்தன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். செவ்வியல் நாடகங்களும் ஆப்பெரா என்னும் இசைநாடகமும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

காலம் பாராத உடை

ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் அண்ட்ரோனிக்கஸ்' நாடகக் காட்சி ஒன்றைக் காட்டும் கோட்டோவியம் ஒன்று கிடைத்துள்ளது. ஹென்றி பீச்சம் என்பாருடையதாகக் கருதப்படும் அவ்வோவியம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது என்பர். அதில் டைட்டஸ் உரோமானியச் சாயல் கொண்ட உடையில் நிற்கின்றான். அவன் பின்னால் நிற்கும் வீரர்களோ எலிசபெத் காலத்து இங்கிலாந்து வீரர்களைப் போன்ற உடையினர். ஒரே காட்சியில் இரு காலங்கள் அருகருகே நிற்பது அக்காலத்தவர்க்கு முரணாகத் தோன்றவில்லை. வேந்தன் வேந்தனாகவும் வீரன் வீரனாகவும் தோன்றினாற் போதும் என்பதே அவ்வரங்கின் நெறி.

பிரெஞ்சுத் துன்பியல் அரங்கில் இந்நெறி இறுகிய மரபாயிற்று. கிரேக்கனோ உரோமனோ, தலைமகன் எவனாயினும் மார்புக்கவசம் போன்ற மேலுடையும், இடையைச் சுற்றி விறைத்து விரிந்த குட்டைப் பாவாடையும், இறகு சூடிய தலையணியும் அணிந்தான். இதற்கு 'உரோமானிய உடை' என்று பெயர். தலைமகள் அரசவைப் பெண்டிரைப் போல இருபுறமும் விரிந்த கூட்டுப் பாவாடை உடுத்தினாள். நடிகர் தம் உடையைத் தாமே ஈட்டிக்கொள்ளும் நிலை இருந்தமையால், பாத்திரத்தின் வறுமையைவிட நடிகரின் செல்வமே மேடையில் வெளிப்பட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் முகமும் உடலும் புலப்பட வேண்டுமாயின் ஒளியைத் திருப்பி வீசும் சரிகையும் சம்கியும் தேவைப்பட்டன. அகன்ற பாவாடை நடிகையரை ஒருவரையொருவர் நெருங்கவிடாது விலக்கி நிறுத்தியது. எனவே அக்காலத்து நடிப்பின் விறைத்த நிலைகளுக்கும் கையசைவுகளுக்கும் உடையும் ஒரு காரணம் எனலாம்.

நகைக்கு அஞ்சாத சீர்திருத்தம்

இம்மரபின் முதல் உடைப்பு துன்பியலில் அன்றி எளிய இசைக்கூத்திலேயே நிகழ்ந்தது. 1753இல் பாரிசில் மதாம் ஃபவார் உழவர் மகளாக நடித்தபோது முரட்டுக் கம்பளித் துணியும் மரக்காலணியும் அணிந்து, வெறுங்கைகளோடு தோன்றினார். இரண்டாண்டுகள் கழித்து, 1755இல், வோல்தேரின் 'சீனத்து அநாதை' நாடகத்தில் நடிகை கிளேரோன் கூட்டுப் பாவாடையைக் களைந்து நடித்தார். நடிகரின் உடைச் செலவிற்காக வோல்தேர் தமக்குரிய பங்கை விட்டுக்கொடுத்தார் என்பர். கிளேரோன் உடுத்தியது சீனப் பெண்டிரின் உண்மையான உடையன்று. சீனத்தை நினைவூட்டும் பிரெஞ்சு உடையே. ஆயினும் கதை நிகழும் நாட்டை உடை சுட்டவேண்டும் என்னும் கொள்கை துன்பியல் மேடையில் இடம்பெறத் தொடங்கியது. 1783இல் பிச்சினியின் 'திதோ' இசைநாடகத்தில் பாடகி சேன் உபெர்த்தி, ஓவியர் இளைய மொரோ வரைந்த படத்தைப் பின்பற்றிப் பண்டைய பாணியில் மெல்லிய நீளங்கி உடுத்தினார்.

1789இல் வோல்தேரின் 'ப்ரூட்டஸ்' நாடகத்தில் ஒரு சிறு வேடம் ஏற்ற தால்மா, கைகளும் கால்களும் வெளித்தெரிய உரோமானியரின் தோகா உடுத்தி மேடையேறினார். ஓவியர் ழாக் லூயி தாவீதின் நட்பும் பழைய சிற்பங்களின் பயிற்சியும் இதற்குத் துணைநின்றன. உடன் நடித்தோருள் சிலர் அதிர்ச்சியுற்றனர். சிலை போல இருக்கின்றார் என்று எள்ளினர். பின்னர் அதே நாடகத்தில் டைட்டஸ் வேடத்திற்காக அவர் முடியைக் குறுகக் கத்தரித்துக்கொண்டபோது நகரத்து இளைஞர் அதனைப் பின்பற்றினர். அம்முடியலங்காரத்திற்கு டைட்டஸின் பெயரே நிலைத்தது. புரட்சிக் காலத்துப் பாரிசில் உரோமானியக் குடியரசின் உடை ஓர் அரசியல் விருப்பமும் ஆயிற்று. பழைய உரோமைக் காட்ட எழுந்த உடை, சமகாலப் பிரான்சின் கனவையே காட்டியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

நகை பிறக்கும் களன்களுள் எள்ளலையும் ஒன்றாகத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் வைக்கும். மேலை உடை வரலாற்றில் எள்ளல் அடிக்கடி குறுக்கிடுகின்றது. எங்கெல்லாம் நடிகர் நகைப்பிற்கு அஞ்சினரோ அங்கெல்லாம் ஒரு பழைய வழக்கு உயிரோடு இருந்தது என்று கொள்ளலாம்.

ஆவணமாகிய உடை

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் பெருநடிகர் கேரிக், மக்பெத் வேடத்தில் தம் காலத்துப் படைத்தலைவனின் உடையிலேயே நடித்தார். 1773இல் மேக்லின் அதே வேடத்தை ஸ்காட்லாந்து உடையில் நடித்தது ஒரு புதுமை. ஆயினும் முழு நாடகத்திற்கும் ஆய்வு அடிப்படையில் உடை வகுக்கும் முறை 1823இல் கோவென்ட் கார்டன் அரங்கில் சார்லஸ் கெம்பிள் மேடையேற்றிய 'ஜான் மன்னன்' நாடகத்தாலேயே நிலைபெற்றது. அதற்கு உடை வகுத்தவர் நாடக ஆசிரியரான ஜேம்ஸ் ராபின்சன் பிளான்ஷே. கல்லறைச் சிற்பங்கள், முத்திரைகள், கையெழுத்துச் சுவடிகளின் ஓவியங்கள் ஆகியவற்றைத் தேடி ஆராய்ந்து அவர் உடைகளை அமைத்தார். இன்ன உடைக்கு இன்ன சான்று என்று நாடக அறிவிப்பிலும் அச்சிடப்பட்டது.

நடிகர்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை. தட்டையான தலைக்கவசத்தைக் கண்டு மக்கள் நகைப்பர் என அஞ்சி, அவர்கள் மனமின்றியே உடுத்தினர் எனப் பிளான்ஷே தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். திரை விலகியதும், வூஸ்டர் பேராலயத்துக் கல்லறைச் சிற்பத்தில் உள்ளவாறே உடுத்திய ஜான் மன்னன் காட்சியளிக்க, அரங்கு ஆரவாரத்தால் நிறைந்தது என்றும் அவர் கூறுவார். 1834இல் பிரித்தானிய உடை வரலாறு பற்றி அவர் நூல் வெளியிட்டார். மேடையிலிருந்து ஓர் ஆய்வுத்துறை கிளைத்தமைக்கு இது சான்று.

பிளான்ஷே தொடங்கியதைச் சார்லஸ் கீன் 1850களில் எல்லைக்குக் கொண்டுசென்றார். 1856இல் அவர் மேடையேற்றிய 'குளிர்காலக் கதை' இவ்வகையில் கருதத்தக்கது. ஷேக்ஸ்பியரின் அந்நாடகத்தில் கிரேக்க தெய்வவாக்கும் இத்தாலிய மறுமலர்ச்சிக் கலைஞன் பெயரும் ஒருங்கே வருகின்றன. கீன் அதனைப் பண்டைக் கிரேக்கக் காலத்தில் வைக்க விழைந்தார். பொகீமியா என்னும் நாடு அக்காலத்திற்கும் உடைக்கும் பொருந்தாமையால் அதனைப் பித்தினியா என மாற்றினார். அஃதாவது, உடையின் உண்மைக்காகப் பனுவலே திருத்தப்பட்டது. 1857இல் கீன் தொல்பொருள் ஆய்வாளர் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கவிஞனின் கால மயக்கத்தைப் பிழை எனக் கண்டது இந்நோக்கு. காலம் மயங்குவதே அந்நாடகத்தின் இயல்பு என அது காணவில்லை.

கல்லும் தசையும்: அயிதா

உண்மைத் தேட்டம் ஆப்பெராவில் உச்சம் தொட்ட நிகழ்வு வெர்டியின் 'அயிதா'. எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயிலின் விருப்பிற்கிணங்க உருவான இவ்விசைநாடகத்தின் கதைச் சுருக்கத்தை எழுதியவர் பிரெஞ்சுத் தொல்லியலறிஞர் ஒகுஸ்த் மாரியேத். சக்காராவில் செராப்பியம் என்னும் நிலத்தடிக் கல்லறைத் தொகுதியைக் கண்டறிந்தவர். 1858இல் எகிப்தின் தொல்பொருள் துறைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர். உடைகளையும் அவரே வரைந்தார். அவ்வண்ண ஓவியங்கள் பாரிசு ஆப்பெராவின் நூலக அருங்காட்சியகத்தில் உள்ளன. அகழ்ந்தெடுத்தவரே உடை வகுத்தமையால், அயிதாவின் உடைகளுக்கு வேறெந்த ஆப்பெராவின் உடைகளுக்கும் வாய்க்காத அறிவதிகாரம் வாய்த்தது.

ஆயினும் மாரியேத் இப்பணியின் இடர்ப்பாட்டை நன்கு உணர்ந்திருந்தார். பெரிய மகுடம் தரித்த வேந்தன் கருங்கல்லில் அழகுறத் தோன்றுவான். அதே வேந்தனைத் தசையும் குருதியும் உடைய மனிதனாக்கி, நடக்கவும் பாடவும் வைத்தால் நகைப்பிற்கு இடமாகும் என்னும் கருத்துப்பட அவர் கடிதம் எழுதினார். உடை வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கலை இத்துணைத் தெளிவாக உரைத்தவர் சிலரே. புடைப்புச் சிற்பத்தில் உள்ள உடை அசையாதது, பக்கத்தோற்றத்தில் வரையப்பட்டது, மூச்சு வாங்காதது. பாடகனின் உடையோ மார்பு விரியவும், கழுத்து திரும்பவும், இசைக்குழுவின் ஒலி காதில் விழவும் இடம் தரவேண்டும். சிற்பத்தை அப்படியே பெயர்த்தால் பாட்டுத் தடைப்படும். பாட்டிற்கு நெகிழ்த்தால் சிற்பம் சிதையும்.

தாடியும் மீசையும் அவரை மிகவும் வருத்தின. முறுக்கிய மீசையும் குறுந்தாடியும் உடைய ஒரு பாரோவை எண்ணிப் பார்க்க முடியுமா என்று அவர் வினவினார். பழைய எகிப்தின் பூசகர் தலையும் உடலும் மழித்தவர். 19ஆம் நூற்றாண்டின் பாடகருக்கோ மீசை ஆண்மையின் அடையாளம். ஒரு காலத்தின் உடலை மற்றொரு காலத்தின் உடலின்மேல் உடுத்த முயலும்போது, துணிக்கு அடியில் உள்ள முகமே எதிர்த்து நிற்கின்றது.

உடைகளும் காட்சித்திரைகளும் பாரிசில் உருவாகிக்கொண்டிருந்தபோது பிரஷ்யாவோடு போர் மூண்டது. 1870 செப்டம்பர் முதல் 1871 சனவரி வரை பாரிசு முற்றுகைக்கு உள்ளாயிற்று. நகரத்திற்குள் அவை சிக்கிக்கொண்டமையால் அரங்கேற்றம் தள்ளிப்போயிற்று. 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவிலும், 1872 பிப்ரவரி 8 அன்று மிலானின் லா ஸ்காலாவிலும் அயிதா அரங்கேறியது. எகிப்தின் பழமையைக் காட்டும் உடை எகிப்தில் தைக்கப்படாமல், பாரிசில் தைக்கப்பட்டு எகிப்திற்கு இறக்குமதியான செய்தி தனியே கருதத்தக்கது. எட்வர்ட் சயீத் 1993இல் வெளியான 'பண்பாடும் ஏகாதிபத்தியமும்' நூலில் அயிதாவைப் பேரரசின் காட்சியாக வாசித்தார். மாரியேத்தின் உடைகளும் அவ்வாசிப்பிற்கு அரண் செய்கின்றன. தொல்லியல் திரட்டிய எகிப்தே மேடைக்கு வந்தது. கெய்ரோத் தெருக்களில் நடமாடிய எகிப்தியர்க்கு அதில் இடமில்லை.

இச்சிக்கலின் ஒரு கூறு அண்மைக்காலத்தில் வெளிப்பட்டுள்ளது. எத்தியோப்பிய இளவரசியான அயிதாவுக்கு உடலில் கருவண்ணம் பூசும் வழக்கம் பல அரங்குகளில் நெடுங்காலம் நிலவியது. இது ஆகார்யத்தின் அங்கரசனைக்கு உரியது. 2015இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா, 'ஒதெல்லோ' தலைமகனுக்குக் கருவண்ணம் பூசுவதைக் கைவிட்டது. 2022இல் வெரோனா அரங்கில் அயிதா பாத்திரத்திற்குக் கருவண்ணம் பூசப்பட்டதைக் கண்டித்து, அமெரிக்கப் பாடகி ஏஞ்செல் புளூ அவ்வரங்கின் மற்றொரு நிகழ்ச்சியிலிருந்து விலகினார். மரபு என ஒரு சாராருக்குத் தோன்றுவது மற்றொரு சாராருக்கு இழிவாகின்றது. உடை பற்றிய வினா வெறும் அழகியல் வினாவன்று என்பதற்கு இது போதிய சான்று.

கொம்பு முளைத்த தலைக்கவசம்

அயிதாவுக்கு ஐந்தாண்டுகள் பின்னர், 1876 ஆகஸ்டில், பைராய்ட்டில் வாக்னரின் 'நிபெலுங்கின் மோதிரம்' முழுமையாக அரங்கேறியது. உடை வகுத்தவர் பெர்லினைச் சார்ந்த கார்ல் எமில் டொப்ளர். வழக்கமான இடைக்கால வீரக்கோலத்தைத் தவிர்த்துக் கற்பனையால் புதிதொன்று படைக்கவேண்டும் என வாக்னர் அவருக்கு எழுதியிருந்தார். தொன்மக் கதைக்குக் காலமில்லை. ஆதலின் ஆவணமும் இல்லை. டொப்ளரோ செருமானிய, வடபுலத் தொல்பொருள்களைப் பயின்று, அணிகளும் படைக்கலங்களும் நிறைந்த உடைகளை உருவாக்கினார். ஒத்திகையின்போது அவற்றைக் கண்ட கோசிமா வாக்னர், செவ்விந்தியத் தலைவர்களை நினைவூட்டுவதாகத் தம் நாட்குறிப்பில் கசந்து எழுதினார். 1896இல் அவர் இந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றியபோது ஓவியர் ஹன்ஸ் தோமாவைக் கொண்டு புதிய உடைகள் வகுக்கச் செய்தார்.

டொப்ளரின் கோலமோ அதற்குள் உலகெங்கும் பரவத் தொடங்கிவிட்டது. பைராய்ட்டின் மேடைப்பொருள்களை வாங்கிக்கொண்ட ஆஞ்சலோ நொய்மன் 1882, 1883 ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்களில் இந்நாடகத்தை நடத்திச் சென்றார். சிறகும் கொம்பும் வைத்த தலைக்கவசங்கள் வடபுல வீரரின் அடையாளங்களாக மக்கள் மனத்தில் பதிந்தன. வைக்கிங்குகள் கொம்புத் தலைக்கவசம் அணிந்தமைக்குத் தொல்லியல் சான்று இல்லை. டென்மார்க்கின் வெக்சோ என்னுமிடத்தில் 1942இல் கிடைத்த கொம்புக் கவசங்கள் வெண்கலக் காலத்தவை. வைக்கிங்குகளுக்கு ஏறத்தாழ 1700 ஆண்டுகள் முற்பட்டவை. வைக்கிங்கின் கொம்புக்கவசம் 19ஆம் நூற்றாண்டின் படைப்பு என்பதையும், அதில் டொப்ளரின் பங்கையும் ரொபெர்ட்டா ஃபிராங்க் 2000இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்.

இதுவே இக்கட்டுரையின் மையச் சான்று. மேடை வரலாற்றிடம் கடன் வாங்கிற்று. பின்னர் வரலாற்றிற்கே கடன் கொடுத்தது. ஒரு தையற்கூடத்தில் பிறந்த நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பெயரோடு பாடநூல்களிலும் பொம்மைக் கடைகளிலும் இடம்பிடித்தது. உண்மை என்று உரிமை கொண்டாடாத பீச்சம் காலத்து உடையால் எவரும் ஏமாறவில்லை. உண்மை என்று அறிவித்துக்கொண்ட உடையே ஏமாற்றும் வல்லமை பெற்றது.

மீண்டும் நாடக வழக்கு

20ஆம் நூற்றாண்டில் இந்நம்பிக்கை தளர்ந்தது. அதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். 1881இல் லண்டன் சவோய் அரங்கு முழுவதும் மின்விளக்கு பெற்றது. மெழுகுதிரியிலும் எரிவாயு விளக்கிலும் பொன்னாகத் தோன்றிய சரிகையின் போலித்தன்மையை மின்னொளி காட்டிக்கொடுத்தது. வண்ணத்தையும் நிழலையும் ஒளியாலேயே படைக்க இயன்றபோது, எளிய துணியின் மடிப்பும் கனமும் வீழ்ச்சியுமே வடிவமைப்பாளரின் மொழியாயின.

1925இல் பாரி ஜாக்சனின் குழு லண்டனில் 'ஹாம்லெட்' நாடகத்தைச் சமகால உடையில் நடித்தது. இப்போது எள்ளல் மறுதிசையிலிருந்து வந்தது. ஒரு நூற்றாண்டிற்கு முன்னர்ப் பழைய உடைக்கு நகைப்பர் என அஞ்சினர். இப்போதோ தம் காலத்து உடையே நகைப்பிற்கு உரியதாயிற்று. ஷேக்ஸ்பியரின் நடிகர் செய்ததையே ஜாக்சன் செய்தார் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

பைராய்ட்டில் மாற்றம் மேலும் ஆழமாக நிகழ்ந்தது. நாசி ஆட்சியோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தமையால் அவ்வரங்கின் பழங்கோலங்கள் களங்கமுற்றிருந்தன. 1951இல் விழா மீண்டும் தொடங்கியபோது, வாக்னரின் பேரர் வீலாந்து வாக்னர் கொம்பையும் சிறகையும் களைந்து, வெறுமையான மேடையில் ஒளியின் நடுவே எளிய நீளங்கி உடுத்திய மாந்தரை நிறுத்தினார். நூற்றாண்டு விழாவான 1976இல் பத்ரிஸ் ஷெரோவின் இயக்கத்தில் ழாக் ஷ்மித் வகுத்த உடைகள், தொன்மத்தோடு 19ஆம் நூற்றாண்டு முதலாளி வர்க்கத்தின் உடையையும் கலந்தன. தெய்வங்கள் ஆலை முதலாளிகளின் சாயலில் தோன்றினர். கதை நிகழும் காலம், நூல் எழுந்த காலம், காண்போர் காலம் என்னும் மூன்றும் ஒரே மேடையில் ஒளிவுமறைவின்றிச் சந்தித்தன. முதலில் எதிர்ப்பொலி எழுப்பிய அரங்கம், 1980இல் அதன் இறுதி நிகழ்வை நெடுநேரம் கைதட்டி வழியனுப்பியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. செவ்வியல் நாடகத்திற்கு உடை வகுப்போர் கதை நிகழும் காலத்தை மட்டும் அன்றித் தம் காலத்தையும் உடுத்திவிடுகின்றனர். தால்மாவின் தோகாவில் பிரெஞ்சுப் புரட்சியும், மாரியேத்தின் ஓவியங்களில் பேரரசுக் காலத் தொல்லியலும், டொப்ளரின் கவசங்களில் செருமானியத் தேசியவுணர்வும் உறைந்துள்ளன. ஆகவே மேடை உடை அது காட்ட முனைந்த காலத்திற்குச் சான்றாவதினும் அது தைக்கப்பட்ட காலத்திற்கே உறுதியான சான்றாகும்.

இதனால் ஆய்வும் அறிவும் உடை வடிவமைப்பிற்கு வேண்டா என்பது பொருளன்று. பிளான்ஷேயின் உழைப்பின்றி உடை பற்றிய அறிவுத்துறை இத்துணை வளர்ந்திராது. ஆனால் திரட்டிய சான்றுகளை உடலுக்கும் குரலுக்கும் ஒளிக்கும் ஏற்பத் தெரிந்தெடுத்து இணைக்கும் செயல் ஆய்வைக் கடந்த படைப்பு. உலகியலும் நாடகமும் இணைந்ததே புலனெறி வழக்கம் என்னும் தொல்காப்பிய நெறி, இணைப்பை மறைக்குமாறு கூறவில்லை. இரண்டையும் பெயர் சுட்டியே இணைக்கின்றது. மேலை அரங்கு நெடிய சுற்றுவழியில் வந்தடைந்த இடமும் அதுவே. நாடகப் பனுவலை ஆராய்வோர் உடை ஓவியங்களையும் தையற்கணக்குகளையும் எஞ்சிய துணிகளையும் பனுவலாகவே கருதி வாசிக்கும்போது, நாடக வரலாறு ஏட்டளவில் நில்லாது அரங்கின் வரலாறாகவும் நிறைவுபெறும்.